சென்னம்மாள் கேட்ட குறை

மலைமேல் அரியூர் நாட்டில் அந்தக் காலத்தில் வேலைக்கு ஆள் தேடுகிறவரும் சரி, வேலை தேடுகிற ஆளும் சரி, நேராகச் சென்னம்மாள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். அவள் மணியக்காரியும் இல்லை, மேஸ்திரியும் இல்லை. காடு என்று ஒரு துண்டு நிலத்தில் சாமையும் மரவள்ளியும் போட்டுக்கொண்டு, வாய் ஓயாமல் பேசிக்கொண்டு, பேச்சு முடிவதற்குள் வேலையையும் முடித்துவிடுகிற ஒரு பெண்பிள்ளை, அவ்வளவுதான். எழுத்து வாசனை கிடையாது. ஆனாலும் அவள் சேர்த்துவிட்ட ஆள் பாதியில் ஓடிப்போனான் என்று மலையில் யாரும் சொன்னதில்லை. இந்தக் கெட்டிக்காரத்தனம் அவளுக்கு வந்தது, சொந்தப் புருஷனுக்கு வேலை தேடப்போன இடத்தில்.

வெள்ளைக்காரன் ஆட்சி. மலைக்கு ரோடு கிடையாது. அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. சாமைக் கதிரைக் கசக்கினால் பதர்தான் பறந்தது. சென்னம்மாளின் புருஷன் சின்னராசு பேளுக்குறிச்சி சந்தைக்கு இறங்கிப்போனபோது, எங்கோ தூரத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணி ஒருவன் அவனைப் பிடித்துக்கொண்டான். கூலி உண்டு, சோறு உண்டு, கம்பளி உண்டு என்று அடுக்கினான். ஆனால் மூன்று வருஷ ஒப்பந்தம், குடும்பத்தைக் கூட்டிவரக் கூடாது. மூன்றாம் வாரத்துச் சந்தைக்குள் பதில் சொல்லச் சொல்லி அனுப்பினான்.

மூன்று வருஷம் என்று கேட்டதிலிருந்து சென்னம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. பெரியவளுக்கு நாலு வயசு, சின்னது இன்னும் தவழ்கிறது. திரும்பி வரும்போது அது அவனைப் பார்த்து யாரென்று கேட்கும். போகாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை, பானையில் இருந்தது இன்னும் ஒரு மாதத்துக்குத்தான் காணும். மலையிலேயே ஒரு வேலை கிடைத்தால் அவன் இருப்பான், கிடைக்காவிட்டால் போவான். இதில் மூன்றாவது வழி இல்லை.

அப்போதுதான் சோளக்காடு என்ற ஊரில் வெங்கிடுசாமிக் கவுண்டருக்கு ஆள் வேண்டுமென்று காதில் விழுந்தது. அடிவாரத்தில் வெள்ளாமை பண்ணுகிற சம்சாரி அவர். மலையில் ஒரு காபித் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அங்கேயே தங்கிப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். இரண்டு வருஷத்தில் நாலு பேரை வைத்து, நாலு பேரும் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டார்கள். ஓடாமல் என்ன செய்வார்கள்? கவுண்டர் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, எதிரே நிற்கிறவனிடம் என்னென்ன வேலை தெரியும் என்று கேட்பார். எவன் அதிகம் அளக்கிறானோ அவனை எடுப்பார். வாய் ஓடுகிற ஆளுக்குக் காலும் ஓடும் என்பது அவருக்குப் புரியவேயில்லை.

சின்னராசு போய் நின்றான். மலையில் ஒரு வழக்கம்: தன் கைவேலையைத் தானே சொல்லிக்கொள்கிறவனுக்கு மரியாதை கிடையாது. அடுத்தவர் சொல்ல வேண்டும், இவன் காலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அன்றைக்கு அடுத்தவர் யாரும் கூட இல்லை. வேலி கட்டத் தெரியுமா என்றார் கவுண்டர். ஏதோ கட்டுவேனுங்க என்றான். காபிச் செடியைக் கிளை கழித்துக் கவாத்து பண்ணுவாயா என்றார். பார்த்திருக்கேனுங்க என்றான். மிளகுக்கொடி ஏற்றத் தெரியுமா என்று கடைசியாகக் கேட்டார். எங்கப்பன் ஏத்துவாருங்க என்று பதில் வந்தது. அப்படியென்றால் உங்கப்பனை வரச்சொல் என்று அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அவன் இதைச் சொன்னபோது சென்னம்மாளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கோபம் வந்தது, கடைசியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஊரிலேயே பெரிய பலாமரத்தில் உச்சிவரை கொடியேற்றி மிளகு பறிக்கிறவன் இவன். இவனுடைய அப்பன் செத்து எட்டு வருஷம் ஆகிறது.

மறுநாளே சின்னதை இடுப்பில் தூக்கிக்கொண்டு சோளக்காட்டுக்கு நடந்தாள். கவுண்டர் அதே கட்டிலில்தான் இருந்தார்.

"ஏனுங்க, எங்க மலைல ஆளை நிக்க வெச்சுக் கேட்டா ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. நேத்து வந்தாரே எங்க வீட்டுக்காரரு, அவரு காட்டை வந்து பாருங்க. அதுக்கு வெக்கம் கிடையாதுங்க" என்றாள்.

கவுண்டருக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது. அரியூர்ப் பக்கம் அவருக்கு வேறு ஜோலியும் இருந்தது. நாலு நாள் கழித்து வந்து சேர்ந்தார்.

வந்தவர் வாயைத் திறக்காமல் காட்டைச் சுற்றினார். பன்றி நுழையாமல் சின்னராசு அடுக்கியிருந்த கல்கட்டை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஒரு கல் அசையவில்லை. பலாமரத்தடியில் நின்று மிளகுக்கொடியை அண்ணாந்து பார்த்ததில் தலைத்துண்டு நழுவி விழுந்தது. கடைக்கண்ணால் சின்னராசைப் பார்த்தார். அவன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கவுண்டருக்கு மனசு இளகிவிட்டது. நாளைக்கே வந்துவிடு, இருக்க வீடு உண்டு, அரிசி உண்டு, வருஷத்துக்கு இரண்டு வேட்டி உண்டு, ராஜபோகம் என்று அடுக்கிக்கொண்டே போனார். வேறு எவளாக இருந்தாலும் தலையை ஆட்டிப் புருஷனை அனுப்பியிருப்பாள். சென்னம்மாளோ நல்லதையே கேட்கக் கேட்கக் கலவரப்பட்டாள். கங்காணியும் இப்படித்தானே அடுக்கினான்?

"அத்தனையும் சரிங்க. அந்த நாலு பேரு ஏனுங்க ஓடிப்போனாங்க?"

கவுண்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. வேலை கொடுக்க வந்தவனிடமே குறை கேட்கிறாயா என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பத்தடி நடந்தும்விட்டார். சென்னம்மாள், கையில் வந்ததை வாயால் கெடுத்தோமே என்று நின்ற இடத்திலேயே நின்றாள். ஆனால் கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

கல்கட்டுக்குப் பக்கத்தில் போனதும் கவுண்டரின் நடை தயங்கியது. அதில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு திரும்பினார். தடுமாறித் தடுமாறித்தான் சொன்னார். வீடு என்று சொன்னது உண்மையில் ஒரு கொட்டாய், ஐப்பசி மழைக்கு ஒழுகும். பலா பழுக்கிற காலத்தில் கரடி வரும். சுற்றுவட்டத்தில் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது.

"நானும் கொஞ்சம் சத்தம் போடுவேன், அம்மிணி" என்றார்.

"கொஞ்சந்தானுங்களா?"

"கொஞ்சம் அதிகந்தான்."

அப்போது சின்னராசு காலைப் பார்ப்பதை நிறுத்தித் தலையை நிமிர்த்தினான்.

"கொட்டாய் ஒழுகுனா நான் கூரை வேய்ஞ்சுக்கறேனுங்க. கரடி எங்களுக்குப் பழக்கமுங்க. நீங்க சத்தம் போட்டா இவளை நெனச்சுக்கறேன். தனியா இருக்கறது மட்டும் என்னால ஆகாதுங்க. இவளும் புள்ளைகளும் கூட இருக்கலாமுன்னா வாரேன்."

கட்டிலுக்கு எதிரே நின்றபோது இத்தனை பேசவில்லை அவன். என்ன தெரியும் என்றால் பெருமை பேச வேண்டும், அது அவனுக்கு வராது. என்ன கஷ்டம் என்று சொன்னால் எதைத் தாங்குவேன், எதைத் தாங்கமாட்டேன் என்று சொல்லிவிடலாம், அதில் பெருமை ஒன்றும் இல்லை. சென்னம்மாளுக்கு இது அந்த நிமிஷம்தான் பிடிபட்டது. கவுண்டருக்கும் பிடிபட்டிருக்க வேண்டும், குடும்பத்தோடு வரச்சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் யார் ஆள் கேட்டு வந்தாலும் முதலில் வேலையில் உள்ள குறையைச் சொல்லச் சொல்வாள். குறையே இல்லை என்றால் ஆளும் இல்லை என்று அனுப்பிவிடுவாள். வேலை தேடி வருகிறவனைக் கேள்வி கேட்டுக் குடைய மாட்டாள், அவன் காட்டைப் போய்ப் பார்ப்பாள், பழைய முதலாளி வீட்டம்மாளிடம் ஒரு வார்த்தை விசாரிப்பாள். பிறகு வேலையின் குறையை அவனிடம் ஒன்றுவிடாமல் சொல்வாள். பத்துப் பேரில் ஏழு பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விடுவார்கள். மிச்சம் மூன்று பேர் நிலைத்துவிடுவார்கள். ஆட்களைப் பயமுறுத்தித் துரத்துகிறாள் என்று முதலில் திட்டியவர்களும் அடுத்த வருஷம் அவளிடமே வந்தார்கள்.

அந்த மூன்றாம் சந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கங்காணிக்குப் பதில் சொல்லாமல் விடுவது மரியாதை இல்லை என்று சின்னராசு பேளுக்குறிச்சிக்கு இறங்கினான், சென்னம்மாளும் கூடப் போனாள். கங்காணி புளியமரத்தடியில் காத்திருந்தான். மூட்டை கட்டியாகிவிட்டதா என்று கேட்டான்.

"அங்க என்னங்க கஷ்டம்?" என்றான் சின்னராசு.

கங்காணி பெரிதாகச் சிரித்தான். கஷ்டமா, அந்தப் பேச்சே அங்கே கிடையாது என்றான்.

"அப்ப நான் அங்க வந்து என்னங்க பண்றது? கஷ்டப்படறது ஒண்ணுதான் எனக்கு நல்லாத் தெரியும்."

சொல்லிவிட்டு அவன் உப்புக்கடைப் பக்கம் நடந்தான். தனக்கு ஒன்று நன்றாகத் தெரியும் என்று அவன் வாயால் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. சிரிப்பை அடக்க முடியாமல், குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு அவன் பின்னால் போனாள்.