தைப்பூச அத்தியாயத்தில் இல்லாத பெயர்

செவ்வாய்க்கிழமை காலை கிள்ளானில் என் அச்சகத்தைத் திறந்துகொண்டிருந்தபோது பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஆள் வந்தார். ரயில்வே குமாஸ்தா முருகேசனின் மனைவி சிவகாமி அம்மாள் காய்ச்சலில் இறந்துவிட்டாராம். "நெசமாவா?" என்று அவரிடம் இரண்டு முறை கேட்டேன். எதையும் ஒரே தடவையில் நம்பாதது என் பிறவிக் குணம்.

நம் வாரப் பத்திரிகையில் முருகேசன் பெயரில் வந்த 'பின்னல்காரி பாக்கியம்' கதைகளை வாசகர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ரயில்வே குவார்ட்டர்ஸ் வீட்டு வாசலில் கொக்கி ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருக்கும் பாக்கியம், ஒரு மேசைவிரிப்பின் பின்னலைப் பார்த்தே திருடியவரைச் சொல்லிவிடுவாள். கொலை, கொள்ளை எதுவும் வராது. அக்கம்பக்கத்து வம்பும் சின்னத் திருட்டும் அவளுக்குப் போதும்.

முதல் கதையே என்னை உறுத்தியது. இடது கையால் பின்னினால் கண்ணிகள் எதிர்ப்பக்கம் சாயும் என்று அதில் பாக்கியம் கண்டுபிடிக்கிறாள். சட்டைப் பொத்தான் தைக்கத் தெரியாத முருகேசனுக்கு இது எப்படித் தெரியும்? ஏதோ ஆங்கிலப் புத்தகத்தைக் காப்பியடிக்கிறார், பத்திரிகையின் மானம் கப்பலேறப் போகிறது என்று பயந்தேன். கேட்டால், "எல்லாம் கண்ணால பாக்குறதுதாண்ணே" என்று மழுப்பினார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஒரு நாள் அவர் அசந்த நேரத்தில் பையைக்கூடத் துழாவினேன். சாப்பாட்டு டப்பாதான் இருந்தது.

பிறகு, பத்துமலைத் தைப்பூசக் கூட்டத்தில் காவடியிலிருந்து பின்னல் சீலை திருடுபோகும் அத்தியாயம் வந்தது. மெய்ப்புப் பார்க்கையில் ஏதோ குறைந்தது. மூன்று முறை படித்தேன். குகை, படிகள், பால்குடம் எல்லாம் இருந்தன. முருகன் என்ற பெயர் மட்டும் ஓரிடத்திலும் இல்லை. 'மலைச்சாமி', 'வேலவர்' என்றே கதை ஓடியது. தன் பெயரைச் சொல்ல முருகேசனுக்கு என்ன கூச்சம்? அந்தப் பெயரைச் சொல்லக் கூசுகிறவர் அவர் வீட்டில் ஒருவர்தான்.

மறுநாளே ரயிலேறினேன். முருகேசன் வேலைக்குப் போயிருந்தார். வாசலில் பின்னிக்கொண்டிருந்த அம்மாளிடம், "பத்துமலையில எந்தச் சாமிம்மா?" என்றேன்.

"தெரியாத மாதிரி கேக்குறீங்களே அண்ணே, மலைச்சாமிதான்..." என்றவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கொக்கி ஊசி அவருடைய இடது கையில் இருந்தது.

"கதையெல்லாம் நீங்க எழுதுறதா?"

"நான் பின்னிக்கிட்டே சொல்லுவேன், அவுங்க எழுதுவாங்க. பொம்பள பேரு போட்டா யாரு படிப்பாங்கன்னு அவுங்க பேரப் போட்டோம். அண்ணே, நீங்க பெரிய சந்தேகப் பிராணி. பாக்கியத்துக்குத் தம்பியா பொறந்திருக்கணும்."

"இனிமே உங்க பேரப் போடட்டுமா?"

கையிலிருந்த வரிசையைப் பின்னி முடித்தார். "போடுங்கண்ணே, ஒரு தடவையாச்சும். பாசார்ல காய் வாங்குறப்ப யாராச்சும் இந்தக் கதைய எழுதுனது யாருன்னு கேட்டா, போட்டிருக்கிற பேரச் சொல்லக்கூட எனக்கு வாய் வராது."

அடுத்த கதையைத் தாமே எழுதி, அடியில் தம் பெயரிட்டு அனுப்பினார். பெயரோடு அச்சுக் கோத்தும்விட்டேன். அதன்பின் பழைய சந்தேகப் பேய் என்னைப் பிடித்துக்கொண்டது. வாசகர்கள் நம்புவார்களா? இத்தனை நாள் ஏமாற்றினாய் என்பார்களா? முருகேசன் சண்டைக்கு வந்தால்? கடைசியில் முருகேசன் பெயரிலேயே வெளியிட்டேன். அந்த வீட்டிலிருந்து அதற்குப் பிறகு கதை வரவில்லை. முருகேசன்தான் தடுத்துவிட்டார் என்று அவர்மேலும் சந்தேகப்பட்டேன்.

துக்கம் விசாரிக்கப் போனபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவ பேரப் போட்டிருக்கலாமேண்ணே. அந்தக் கதை வந்த அன்னிக்கு ரெண்டு பேரும் ஸ்டேஷன்லயே காத்திருந்து பத்திரிகைய வாங்கினோம். நான்தான் பிரிச்சுக் காட்டினேன். அதை மடிச்சு என் கையில குடுத்துட்டு வீட்டுக்கு நடந்துட்டா."

வெட்கமாக இருந்தது, இன்னும் இருக்கிறது.

அந்தக் கைப்பிரதி என் மேசையில் இருக்கிறது. அடியில் சின்ன எழுத்தில், கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து, சிவகாமி என்று இருக்கிறது. அந்த நான்கு எழுத்தை அன்று கோத்ததும் கலைத்ததும் என் கைதான்.