தங்கையன் தள்ளிய சுவர்

அமரவிளைச் சந்தையில் மூட்டை சுமந்த தங்கையனுக்கு அடிமுறை என்னும் கைச்சண்டைப் பயிற்சியில் ஒரே ஒரு கூட்டாளிதான் உண்டு. பக்கத்து விளையில் வாழை போட்டிருந்த செல்லையன். காலையில் களரியில் இறங்கினால் இருவரும் வெயில் ஏறும்வரை ஒருவரையொருவர் விடமாட்டார்கள்.

ஐம்பத்துநாலில், திருவிதாங்கூரின் தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் போன ஊர்வலத்தில் இருவரும் நடந்தார்கள். போலீஸ் விரட்டியபோது செல்லையன் வேலி தாண்டித் தப்பினான். தங்கையன் அகப்பட்டான். ஐந்து மாதம் சிறை.

கையை வீசினால் சுவரில் முட்டும் அறை அது. இரண்டு வாரம் சும்மா கிடந்ததில் தோள் இறுகிப்போயிற்று. ஒருநாள் எரிச்சலில் உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றித் தள்ளினான். சுவர் அசையவில்லை. ஆனால் குதிகாலிலிருந்து பிடரிவரை உடம்பு விழித்துக்கொண்டது. அன்று முதல் அதுவே அவன் வேலை. இருபது மூச்சு சுவரைத் தள்ளுவான். பிறகு மார்புக்கு நேரே கைகூப்பி ஒரு கையை மறு கையால் நெருக்குவான். முதுகைச் சுவரில் சாய்த்து, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்ததுபோல் தொடை நடுங்கும்வரை நிற்பான். மூச்சை அடக்கினால் தலை கிறுகிறுத்தது. விட்டுக்கொண்டே அழுத்தப் பழகினான்.

"எந்தடோ, ஜெயிலத் தள்ளிச் சாய்க்கப் போறியா?" என்று காவலர் கேட்டார்.

"சும்மயாக்கும் சார்."

அந்த வாரம் அவன் பேசியது அவ்வளவுதான்.

வெளியே வந்தபோது களரி பூட்டிக் கிடந்தது. செல்லையன் மார்த்தாண்டத்தில் பெண் கட்டி, அங்கேயே பலசரக்குக் கடை வைத்துவிட்டான். ஐம்பத்தாறு நவம்பரில் எல்லை போட்டார்கள். மார்த்தாண்டம் தமிழ்நாட்டுக்குப் போயிற்று. அமரவிளை இந்தப் பக்கம், கேரளத்திலேயே நின்றுவிட்டது.

கிறிஸ்மஸ் கழிந்த மறுநாள் தங்கையன் பஸ் ஏறி அவனைப் பார்க்கப் போனான்.

"ஒரு பிடி நிப்பமா மக்கா?"

செல்லையன் சிரித்தபடி கடையைவிட்டு இறங்கினான். உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்தார்கள். தங்கையன் பாதிப் பலம்கூடக் கொடுக்கவில்லை. செல்லையனின் முழங்கை மடங்கிவிட்டது.

"எனக்கு இனி இதொண்ணும் ஆவாது. ஒனக்கு எப்படிலே இந்தப் பெலம்?"

ஜெயிலில் என்று சொன்னால் அன்று ஓடியவனைக் குத்தியதுபோல் ஆகும்.

"சந்தையில சொமடு எடுக்கதுனாலயாக்கும்."

"இருந்து சோறு தின்னுட்டுப் போ."

"இருக்கட்டு. பெறவு வாறேன்."

பிறகு அவன் போகவில்லை.

கல்யாணப் பேச்சு இரண்டு தடவை வந்தது. ஜெயிலுக்குப் போனவன் என்று இரண்டும் நின்றுபோயின. சந்தையில் மூன்று பேர் தூக்க வேண்டிய சுமைக்கு அவனைத்தான் கூப்பிட்டார்கள். சுமை இறங்கியதும் பேச்சும் முடிந்துவிடும்.

ஒரு காலையில் அவன் வீட்டுப் பின்சுவரைத் தள்ளிக்கொண்டு நின்றபோது, அடுத்த வீட்டுக் குமாரி கிணற்றுக்கு வந்தாள். குடத்தை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அண்ணன் யாருகூடயாக்கும் மல்லுக்கு நிக்குது?"

"யாருகூடயும் இல்ல."

அவள் தண்ணீர் கோரிக்கொண்டு போனாள். எத்தனையாவது மூச்சு என்பது அவனுக்கு மறந்துபோயிற்று. ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினான்.