முதலாளி வாசித்த ஓலை

ராயபுரத்தில் துறைமுகச் சுவரைப் பார்த்த ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். கப்பலில் வரும் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தருவது தொழில். அங்கே கம்ப்யூட்டர்களுக்கு நான்தான் வைத்தியன். முதலாளிக்கு எதையும் சத்தம் போட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும். அதைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். இணையத்தில் அவர் செய்த விவசாயம்தான் எங்கள் உயிரை வாங்கியது.

அப்போது ஊரே பைத்தியமாகக் கிடந்த நட்புத் தளத்தில் ஒரு தோட்ட விளையாட்டு வந்திருந்தது. நண்பர்கள் வந்து உரம் போட்டால்தான் பயிர் வளரும். அதனால் ஆபீஸ் மொத்தமும் அவருக்கு நண்பர்களாகச் சேர்ந்தே தீர வேண்டியிருந்தது. உரம் போடப் போனவர்கள் அப்படியே அரட்டையில் உட்கார்ந்துவிட்டோம்.

ஒருநாள் முதலாளி கத்தினார். "இன்னாய்யா இது, ஆபீஸா, மீன் மார்க்கெட்டா? அல்லாருக்கும் மூடு. என்னுத மட்டும் வுடு."

ஆபீஸ் இணையத்துக்குக் காவல் நிற்கும் ஃபயர்வால் பெட்டியில் அவருடைய கம்ப்யூட்டருக்கு மட்டும் வழிவிட்டு மற்ற எல்லாவற்றுக்கும் தளத்தை அடைத்தேன். "பாஸ்வேர்ட நான் போடறேன், நீ அந்தாண்ட திரும்பிக்கோ" என்றார். எரிச்சலோடு சுவரைப் பார்த்து நின்றேன்.

மறுநாளே அவர் தக்காளி வாடியது. "ஏன்யா, ஒருத்தனும் என் தோட்டத்தாண்ட வர்ல?"

"நீங்கதானே சார் மூடச் சொன்னீங்க?"

"அப்போ தொற."

"பாஸ்வேர்டு சொல்லுங்க."

மேலே பார்த்தார், கீழே பார்த்தார். மறந்துபோயிருந்தது. தலையில் அடித்துக்கொண்டேன். அந்த ஃபயர்வால் பெட்டியை விற்ற கம்பெனிக்காரன் வந்துதான் திறக்க வேண்டும். அவனோ திங்கட்கிழமைதான் வருவேன் என்றான்.

இதில் மாட்டிக்கொண்டது பில் போடும் பெண். அவளுக்கு நிச்சயம் செய்திருந்த பையன் கப்பலில் வேலை பார்த்தான். லீவு கிடைத்ததா இல்லையா என்று வெள்ளிக்கிழமை மதியம், கப்பல் நிற்கும் துறைமுகத்திலிருந்து அந்தத் தளத்தில்தான் சொல்வதாக ஏற்பாடு. போன் போட அந்தக் கஞ்சனுக்கு மனசு வராது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு மாதா கோயிலில் ஓலை வாசித்து எல்லோருக்கும் அறிவிக்க வேண்டும். அந்த ஞாயிறே ஆரம்பிக்காவிட்டால் தவக்காலம் வந்துவிடும். பிறகு ஈஸ்டர் வரை கல்யாணம் கிடையாது. அதற்குள் அவன் மறுபடி கப்பலேறிவிடுவான்.

வெள்ளிக்கிழமை பார்த்து ஒரு சரக்குக் கப்பல் வந்து தொலைத்தது. யாரையும் முதலாளி வெளியே விடவில்லை. பிரவுசிங் சென்டருக்கு ஓடவும் வழியில்லை.

"அண்ணா, எதனா பண்ணுண்ணா" என்று மூக்கை உறிஞ்சினாள்.

"முதலாளி கம்ப்யூட்டர்ல பாக்கறேன்னு கேளேன்."

"அய்ய, வெக்கமா கீதுண்ணா."

எனக்குப் பாவமாக இருந்தது. உள்ளே போய், "டீ சாப்பிட்டு வரலாமா சார்?" என்று அவரைக் கிளப்பப் பார்த்தேன். "இப்பவா? கத்திரிக்கா அறுப்பு கீதுய்யா" என்றார். எழுந்திருக்கிற மாதிரியே இல்லை. வெளியே வந்து உதட்டைப் பிதுக்கினேன். அவள் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் முதலாளியின் அறையிலிருந்து குரல் கணீரென்று கேட்டது.

"சார் வணக்கம். உங்க ஆபீஸ்ல பில் போடற பொண்ணாண்ட சொல்லுங்க. கேப்டன் லீவு குட்த்துட்டாரு. ஃபாதராண்ட ஓலை படிக்கச் சொல்லுங்க. நான் வந்துகினே கீறேன்." படித்து முடித்தவர், "ஆர்ரா இவன்?" என்றார்.

பையன் காத்திருந்து காத்திருந்து அவளுடைய ஆபீஸ் நண்பர்களைத் துழாவியிருக்கிறான். அதில் தளத்துக்குள் இருப்பதைக் காட்டும் பச்சை விளக்கு எரிந்தது ஒரே ஒருவருக்குத்தான்.

ஆபீஸே விசிலடித்தது. அவள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். நானும் மேஜையைத் தட்டித் தாளம் போட்டேன். முதலாளி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"கல்யாணமா? சொல்லவே இல்ல! அந்தப் பையன மொதல்ல நம்ம தோட்டத்துல சேத்துவுடு. உரம் போட ஆளே இல்ல."

ஞாயிற்றுக்கிழமை நானும் கோயிலுக்குப் போயிருந்தேன். ஃபாதர் மைக்கில்தான் ஓலை வாசித்தார். ஆனாலும் முதலாளி அளவுக்குச் சத்தம் வரவில்லை.