சுவருக்குள் இருந்த சுண்ணாம்பு

ராஜபாளையத்தில் மில் வேலை நின்றபின், மம்சாபுரத்துக்கு மேற்கே ஒரு மாந்தோப்பில் காவலுக்கு இருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன். எந்த ஊரிலும் அதிக நாள் தங்கியதில்லை. தோப்பை ஒட்டிய குன்றின்மேல் ஒரு கோட்டையின் மிச்சம் கிடந்தது. சரிந்த கல்சுவர்கள், செடி மண்டிய ஒரு வாசல், அவ்வளவுதான். பாண்டியர் கட்டியது என்பார்கள் மம்சாபுரத்தில். ஸ்ரீவில்லிபுத்தூர் டீக்கடையில் கேட்டால் பாளையக்காரர் கோட்டை. கொள்ளைக்காரர்கள் பதுங்கிய இடம் என்றும் ஒருவர் சொன்னார். கல்வெட்டு இல்லாததால் யாரும் யாரையும் மறுக்க முடியவில்லை.

அந்தக் கோட்டைக்குள் ஆடு மேய்க்கும் ஓர் அண்ணாச்சி பட்டி போட்டிருந்தார். கோட்டைச் சுவர் சரிந்த இடங்களில், கீழே கிடந்த கல்லையே எடுத்து அவர் அப்பாவும் பிறகு அவரும் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். அடிவாரத்தில் சிறுத்தை வரும். அந்தச் சுவர் இல்லாவிட்டால் ஆடு மிஞ்சாது.

கோட்டையைப் பார்க்க வந்த தொல்லியல் துறை அதிகாரி அவரிடம் சொன்னார்: "நீங்க அடுக்குனத மட்டும் எடுத்துருங்க. பழைய கல்லு ஒண்ணு நகந்தாலும் கேஸ் ஆயிரும்."

"எது பழசுன்னு யாரு சார் சொல்லுவா?"

"அடுக்குனவருக்குத் தெரியாதா?"

மறுநாள் அண்ணாச்சியும் அவர் மனைவியும் கல் இறக்கினார்கள். கூப்பிட்டதால் நானும் போனேன். இடுப்பளவுக்கு இறக்கியதும் அண்ணாச்சி நிறுத்தினார். "இதுக்குக் கீழ கோட்டை. நான் தொட்டதில்ல."

அந்த அக்கா குனிந்து ஓர் இடுக்கைப் பார்த்தார். "உள்ள வெள்ளை தெரியுது."

மாட்டுப் பொங்கலுக்குப் பட்டிச் சுவரில் வெள்ளையடிப்பது அவர்கள் வழக்கம். வெள்ளையடித்த கல் சரிந்து, யாராவது திருப்பி அடுக்கினால்தான் அந்த முகம் உள்ளே போகும். இன்னும் இரண்டு இடுக்குகளில் பார்த்தோம். அடிவரிசை வரை சுண்ணாம்பு இருந்தது.

"இதும் எங்க அப்பா வேலைதானா," என்று அண்ணாச்சி கீழே உட்கார்ந்துவிட்டார். எனக்கும் முதுகு விட்டுப்போயிருந்தது.

"வாயத் திறக்காதிய," என்றார் அக்கா. "சொன்னா இதையும் எடுக்கச் சொல்லுவாக. கோட்டையாவே இருந்துட்டுப் போவுது. மேல முள்ள ஒசத்தி வச்சுக்கிடலாம்." மண்ணைக் குழைத்து எல்லா இடுக்கையும் அவரே அடைத்தார்.

ஒரு வாரம் கழித்து அதிகாரி திரும்பி வந்து சுவரைத் தடவிப் பார்த்தார். மண் காய்ந்து பழையதாகவே தெரிந்தது. இந்தக் குன்றில் சரியாமல் நிற்பது இந்தப் பகுதிதான் என்று மகிழ்ந்து போட்டோ எடுத்தார். பிறகு, "இனிமே இதுக்குள்ள ஆடு அடைக்கக் கூடாது," என்றார்.

"சார், அது எங்க அப்பா கட்டுனது."

"அன்னைக்கே சொல்லிருக்கலாமே. இப்ப ஆட்டுக்காகச் சொல்லுதீரு," என்று சிரித்துவிட்டு அவர் வாசல் பக்கம் நடந்தார்.

"மண்ணத் தோண்டிக் காட்டட்டா?" என்றார் அக்கா மெதுவாக.

"காட்டி என்னத்துக்கு? அம்புட்டையும் எடுன்னுதான் சொல்லுவாரு. அப்பா அடுக்குனதாவது நிக்கட்டும்."

பொழுது சாய்ந்ததும் ஆடுகள் பழக்கத்தில் உள்ளே நுழையப் பார்த்தன. அண்ணாச்சி குறுக்கே நின்று, ஒவ்வொன்றாக அடிவாரத்தைப் பார்த்துத் திருப்பிவிட்டார்.