படிவத்தில் எழுதிய 3816547290

எனக்கு ஓர் எண்ணின் மேல் பைத்தியம் உண்டு. 3816547290. பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை எல்லா இலக்கங்களும் அதில் ஒரே ஒரு முறைதான் வரும். இடப்பக்கத்திலிருந்து இரண்டு இலக்கம் எடுத்தால் 38, இரண்டால் மீதியில்லாமல் வகுபடும். மூன்று எடுத்தால் 381, மூன்றால் வகுபடும். 3816 நான்கால். இப்படியே பத்து வரைக்கும் போகலாம். அந்தப் பத்து இலக்கங்களை வேறு எப்படி அடுக்கினாலும் இது நடக்காது. மற்றச் சோதனைகளைத் தாண்டி வரும் சில எண்கள்கூட ஏழிடம் வந்து கவிழ்ந்துவிடும். வருஷா வருஷம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுவேன்.

என் கணவருக்குத் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் வியாபாரம். "ஏழால வகுபட்டா என் ஐஸு உருகாம இருக்குமா டீச்சர்?" என்பார்.

அவர் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. டாக்டர் அதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். "ஒண்ணும் இருக்காது, பேசாம சாப்பிடுங்க" என்று அவரை அதட்டிக்கொண்டே இருந்தேன். ஆஸ்பத்திரிப் படிவத்தையும் நானே நிரப்பினேன். மூன்று நாளில் ரிசல்ட் வரும், போன் செய்வோம் என்றார்கள்.

ஐந்து நாளாகியும் போன் வரவில்லை. கெட்ட செய்தியைப் போனில் சொல்ல மாட்டார்கள் என்று எனக்கு நானே ஒரு விதி கண்டுபிடித்து, போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு விடைத்தாள் திருத்தினேன். அவர் எப்போதும்போல விடியற்காலையில் துறைமுகத்துக்குப் போய்வந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆறாம் நாள் இருவரும் நேரிலேயே போனோம். கவுன்டரில் இருந்த பெண் சலித்துக்கொண்டாள். "எத்தனை வாட்டி போடறது மேடம்? இப்படி ஒரு நம்பரே இல்லன்னு வருது."

படிவத்தைத் திருப்பிக் காட்டினாள். கைபேசி எண் கட்டத்தில், என் முத்து முத்தான கையெழுத்தில், 3816547290. ஆனைக்கும் அடி சறுக்கும்தான். ஆனால் இருபது வருஷக் கணக்கு டீச்சர் தன் போன் நம்பர் எழுதும் இடத்திலா சறுக்குவாள்? வெட்கத்தில் காது சுட்டது. அவர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். கிண்டல் செய்வார் என்று காத்திருந்தேன், செய்யவில்லை.

ரிசல்ட்டைப் பார்த்த டாக்டர், சாதாரணக் கட்டிதான், புற்றெல்லாம் இல்லை என்றார். வெளியே வந்து அவர் வண்டியை எடுக்கும்போது, "ஏதோ அவசரத்துல எழுதிட்டேங்க" என்று ஆரம்பித்தேன்.

அவர் சாவியைப் போட்டவர் அப்படியே நின்றார்.

"பயமா இருக்குன்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல? ஆறு நாளா நானும் தனியாதான் பயந்துகினு இருந்தேன். ரெண்டு பேரும் சேர்ந்தே பயந்திருக்கலாம்."