வரப்போகும் உடம்புக்குத் தைப்பவன்

ராணுவப் பயிற்சி முகாமின் பெரிய கேட்டுக்கு நேர் எதிரே மூன்று மாடி விடுதி ஒன்று நிற்கிறதே, அது என்னுடையது. மூன்றாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன் நான். இந்தப் பொட்டல் காட்டில் ராணுவம் வேலி போட்ட காலத்தில், சைக்கிள் கேரியரில் டீ கேனைக் கட்டிக்கொண்டு வந்து நின்றேன். இன்று அணிவகுப்பு பார்க்க வரும் அப்பா அம்மாக்கள் எல்லாரும் என் கட்டிலில்தான் படுத்து எழுகிறார்கள். ஆனால் இது என் கதை அல்ல. என் கதைக்கு ஒரு தனிப் புத்தகம் வேண்டும். இது என் தம்பியின் கதை.

விடுதியின் மாடிப்படிக்கு அடியில் அவனுக்கு ஒரு தையல் கடை வைத்துக் கொடுத்தேன். நிமிர்ந்தால் தலை இடிக்கும். உட்கார்ந்து செய்கிற வேலைதானே, போதும் என்றேன். அவன் மறுபேச்சுப் பேசவில்லை. பேசுகிற ஆளே இல்லை அவன். வாயில் எப்போதும் குண்டூசி.

முகாமில் சேரும் பையன்கள் முதல் வாரமே அணிவகுப்பு உடுப்புக்கு அளவு கொடுக்க வருவார்கள். அதைப் போடப்போவதோ பயிற்சி முடிகிற நாளில். அதற்குள் தொந்தி வைத்தவனுக்குத் தொந்தி கரைந்துவிடும், ஒட்டடைக்குச்சிக்குத் தோள் வந்துவிடும். மற்ற தையற்காரர்கள் வந்த உடம்புக்குத் தைத்துவிட்டு, கடைசி நேரத்தில் பிரித்துப் பிரித்துத் தைப்பார்கள். என் தம்பி டேப் பிடித்து அளந்தபின், பையனின் மணிக்கட்டையும் கழுத்தையும் ஒரு பார்வை பார்ப்பான். அப்புறம் வரப்போகும் உடம்புக்கு வெட்டிவிடுவான். தையலுக்கு உள்ளே மிச்சத் துணிகூட விடமாட்டான். மடிப்பு தடித்துத் தெரிந்தால் டிரில் மாஸ்டருக்குப் பிடிக்காது. மூளை எங்கள் குடும்பத்துச் சொத்து. எனக்கு வியாபாரத்தில் போனது, அவனுக்கு விரலில் போனது.

அவனுக்கு ஒரே மகள். அப்பாவோடு உட்கார்ந்து காஜா எடுத்துப் பழகியவள். வாய் மட்டும் பெரியப்பன் வாய். முகாமுக்கு ரொட்டி போடும் பேக்கரிக்காரப் பையனை அவளுக்குப் பேசி முடித்தேன். தங்கமான பையன். அடுப்புக்கு முன்னால் நாளெல்லாம் நின்றும் இளைக்காத உடம்பு. வேகிறதா என்று பார்க்கும் சாக்கில் முதல் பன் அவர் வாய்க்குள்தான் போகும், இரண்டாவது அவர் கூடப்பிறந்த சின்னவன் வாய்க்குள்.

கல்யாணக் கோட்டு சூட்டுக்கு மாப்பிள்ளையின் அம்மாவே துணி கொண்டுவந்தார். கருநீலம். மகன் கல்யாணத்துக்கென்று அவர் கணவர் எப்போதோ வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டார்.

"அவரு தொட்டுப் பார்த்து வாங்குனது, சம்பந்தி. கத்திரி வைக்கறப்ப பார்த்து."

தம்பி குண்டூசியை எடுத்துவிட்டு, "எம் பொண்ணு கல்யாணம்மா" என்றான். அவனுக்கு அது பெரிய சொற்பொழிவு.

போட்டுப் பார்க்க அம்மாவும் மகனும் வந்த அன்று நானும் கடை வாசலில் இருந்தேன். படிக்கட்டோரத் திரைக்குப் பின்னால் போன மாப்பிள்ளை வரவே இல்லை. மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் வந்தது.

"என்ன மாப்ளே, உள்ளயே குடித்தனம் வெச்சிட்டீங்களா?" என்றேன்.

வெளியே வந்தார். பேண்ட்டின் பொத்தானுக்கும் காஜாவுக்கும் நடுவே வயிறு எட்டிப் பார்த்தது. மேலே கோட்டோ நெஞ்சில் தொளதொள.

தம்பியின் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. வயிறு வைத்த வாலிபன் ஒருவன் எதிரே நின்றதும், கை பழக்கதோஷத்தில் சிப்பாய்க்கு வெட்டிவிட்டது. பிரித்துப் பெரிதாக்க உள்ளே துணியும் இல்லை.

"எம் பையன் ரொட்டி சுடறவன், சம்பந்தி. துப்பாக்கி சுடறவன் இல்ல" என்றார் அந்த அம்மா.

நான் விடுவேனா? "இதவிட ஒசத்தியான துணி நாளைக்கே வரும்மா. எனக்குத் தெரியாத கடையா?"

"கடையில கிடைக்கற துணி இல்லீங்க அது." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆரம்பமே இப்படின்னா எப்படிங்க?"

தம்பி என் காதோரம் வந்தான். "காலம்பூரா எம் பொண்ணு இதக் கேட்டுக்கிட்டே இருக்கணுமே, அண்ணே."

மிஷினுக்குப் பின்னாலிருந்து மகள் சிரித்தாள். அந்த நேரத்தில் சிரிக்கிற துணிச்சல் எங்கள் வம்சத்துக்குத்தான் வரும்.

"அத்தை, அப்பா தப்பா வெட்டல. முன்கூட்டியே வெட்டிட்டாரு. உடம்பு இன்னும் வந்து சேரல, அவ்வளவுதான்."

மாப்பிள்ளைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "எப்ப வந்து சேரும், மாமா?"

தம்பி அவரை ஏற இறங்கப் பார்த்தான். "ஓடுனா, கல்யாணத்துக்குள்ள வந்துரும்."

"அப்ப ஓடறேன்."

"நீயா?" என்றார் அம்மா. "பஸ்ஸுக்கே ஓடுனதில்லயேடா நீ!"

டிரில் மாஸ்டர் என் விடுதியில்தான் டீ குடிப்பார். ஒரு வார்த்தை சொன்னேன். மறுநாள் காலை முகாம் பையன்கள் ஊர் ரோட்டில் ஓடியபோது, வாலில் மாப்பிள்ளையும் ஓடினார், மாவு படிந்த பனியனோடு. பாலத்துக்கட்டை வரை போய் உட்கார்ந்துவிட்டார்.

"எந்திரிங்க மாப்ளே, பொண்ணு முன்னாடி நிக்குது!" என்று ஒருவன் கத்தினான்.

"பின்னாடி நாய் நிக்குது, அதையும் சொல்லுடா!" என்றான் இன்னொருவன்.

நாய்க்குப் பயந்தோ பெண்ணுக்கு ஆசைப்பட்டோ எழுந்து ஓடினார். அன்றிலிருந்து ஊரே வேடிக்கை பார்த்தது. கறிகாய்க் கடைக்காரர் தினமும் கைதட்டினார். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை. தம்பிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடை வாசலில் நின்று ஓடுகிறவரின் இடுப்பையே பார்த்துக்கொண்டிருப்பான்.

"இடுப்பு எறங்குது, அண்ணே. நெஞ்சுதான் வரல."

"நெஞ்ச நான் பார்த்துக்கறேன்" என்றேன். அன்றே பேக்கரிக்குப் போய், "மாவு மூட்டைய ஆள் வெச்சு எறக்காதீங்க மாப்ளே, நீங்களே எறக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். யோசனை என்னுடையது. எழுதி வைக்கிறேன், பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

கொஞ்ச நாள் போனது. ஒரு காலை, அந்த அம்மா வாசலில் தண்ணீர்ச் செம்போடு நின்றார். மகன் ஓடிவந்து குடித்தார். கூட ஓடிய பையன்களும் கேட்க, அம்மா உள்ளே போய்க் குடத்தையே தூக்கி வந்தார்.

கல்யாணம் என் விடுதிக் கூடத்தில்தான். காலையில் மாடி அறையில் தம்பி மாப்பிள்ளைக்கு உடுப்புப் போட்டுவிட்டான். பேண்ட் சரியாக உட்கார்ந்தது. கோட்டுப் பொத்தானைத் தொட மட்டும் அவனுக்குத் தைரியம் வரவில்லை. குண்டூசியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டான்.

"தள்ளுங்க சம்பந்தி" என்று அந்த அம்மா முன்னால் வந்தார். பொத்தான் காஜாவுக்குள் வழுக்கிக்கொண்டு போனது, நெஞ்சில் தொளதொளப்பும் இல்லை. தோளைத் தடவிவிட்டு, இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார்.

"எங்க கல்யாணத்தன்னிக்கு அவரு இப்படித்தான்டா நின்னாரு" என்றார்.

தம்பி வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கவலப்படாதன்னு அப்பவே சொன்னேன்ல?"

"நீங்க எங்கண்ணே சொன்னீங்க?"

"மனசுக்குள்ள சொன்னேன்டா."

அதற்குள் அந்த அம்மாவும் வந்துவிட்டார், முகம் கழுவிக்கொண்டு. "சம்பந்தி, எங்க சின்னவனுக்கும் ஒரு பேண்ட் தைக்கணும்."

தம்பி பதறி எழுந்தான். "இந்தத் தடவ இருக்கற உடம்புக்கே வெட்டறேம்மா."

"வேணாம், வேணாம். ரெண்டு அங்குலம் கொறைச்சே வெட்டுங்க. அவனும் பன்னு பன்னா முழுங்கறான்."

கீழே கூடத்தில் சின்னவன் தட்டோடு உட்கார்ந்திருந்தான். தம்பி கைப்பிடிச் சுவரைப் பிடித்து எட்டி, அவனை நிதானமாகப் பார்த்தான்.

"ரெண்டு பத்தாதும்மா" என்றான்.