மூத்த மாப்பிள்ளையின் மஞ்சள் விமானம்

மலாக்காவை அடுத்த டுரியான் துங்கால் பக்கத்து எஸ்டேட்டில் இருந்த தங்கையாவுக்கு இரண்டே பெண்கள். மூத்தவள் கோமளாவைக் கட்டியவர் தம்புசாமி, செம்பனைக் குலை ஏற்றும் லாரி டிரைவர். இளையவள் புனிதாவைக் கட்டியவன் புவனேந்திரன், மலாக்காவில் ஒரு பேக்டரியில் டெக்னீசியன். அவன் வருவதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் அந்த வீட்டுக்கு ஒரே மாப்பிள்ளை தம்புசாமிதான். ஞாயிறு காலையில் மாமனார் அவருடைய லாரியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, மஸ்ஜித் தானா சந்தைக்குப் போய் வருவார். வழி நெடுக வெற்றிலையும் பேச்சும். அந்த முன்சீட்டில் வேறு யாரையும் தம்புசாமி உட்காரவிட்டதில்லை.

தொண்ணூற்றாறில் அந்த ஞாயிறு வழக்கத்துக்கு ஆபத்து வந்தது. புவனேந்திரன் நீல நிறத்தில் ஒரு ரிமோட் விமானம் வாங்கினான். அணைக்கட்டுப் பக்கம் இருந்த திடலில் ஞாயிறுதோறும் பறக்கவிட்டான். மாமனார் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னாலேயே போய்விட்டார்.

"சந்தைக்கு வரலையா மாமா?"

"கோழி எங்கயும் ஓடிடாது மாப்ள. இன்னிக்கு இவன் அதைக் குட்டிக்கரணம் அடிக்க வைக்கிறானாம்லா!"

அன்று தம்புசாமிக்குச் சோறு இறங்கவில்லை. "மீன்ல உப்பு கூடிப்போச்சா?" என்று கோமளா கேட்டாள்.

"மீனுக்கு என்ன? உன் தங்கச்சி புருஷனைத்தான் எல்லாரும் ஊறுகா மாதிரி உப்புப் போட்டு ஊறவச்சுப் பத்திரமா வச்சிருக்கீங்களே."

நாலைந்து ஞாயிறு இப்படியே போன பிறகு, ஒரு சனிக்கிழமை தம்புசாமி மலாக்கா தெங்கேராவில் ரிமோட் விமானம் விற்கும் சீனர் கடைக்குப் போனார். நுழைந்ததுமே, மேலே தொங்கிய சிவப்புச் சண்டை விமானத்தைக் காட்டி, தம் ஊர்ப் பேரையும் சொல்லி, மலாய் மொழியில் விலை கேட்டார். கடைக்காரர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"முதல் விமானமா? இறக்கை உடம்புக்குக் கீழே இருக்கிறதை எடுக்காதே. மேலே இருக்கிறதை எடு. மெதுவாகப் போகும், தானாக நிமிர்ந்துகொள்ளும். உன் ஊர் புவனும் முதலில் இந்தச் சிவப்பைத்தான் கேட்டான். நான் சொன்னதும் கேட்டுக்கொண்டான்."

"அவன் கேட்டுக்கொண்டானா? அப்படியானால் நானும் கேட்டுக்கொள்கிறேன். அவனுடைய விமானத்துக்கு இறக்கை எத்தனை அடி?"

"ஐந்து."

"அதைவிடப் பெரிசு?"

மஞ்சள் நிறத்தில் ஐந்தரை அடி இருந்தது. கடைக்காரர் இறக்கைக்கு அடியில் இரண்டு விரலை மட்டும் கொடுத்துத் தூக்கிக் காட்டினார். தராசுத் தட்டு மாதிரி அது ஆடாமல் நின்றது. "இப்படித்தான் நிற்க வேண்டும். வால் கனத்தால் போச்சு." தம்புசாமி எல்லாவற்றுக்கும் சரி என்றார். அவர் மனசு, அந்த அரை அடியை மாமனார் பார்க்கும் பார்வையில் இருந்தது.

புது லாரி எடுத்தால் முனியாண்டி கோயிலில் பூசை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏற்றாமல் அவர் சாவி போட்டதில்லை. விமானத்துக்கும் அதையே செய்தார். பொத்தான் பெரிசு சக்கரம் பழத்தில் ஏறுமா? முட்டிக்கொண்டு நின்றது. விட்டுவிடவும் மனமில்லை. புவனேந்திரனுடைய நீல விமானத்தை இத்தனை வாரம் தாம் எப்படிப் பார்த்தோம் என்று அவருக்குத்தானே தெரியும்? அதே கண்ணோடு நாளைக்கு அவன் இதைப் பார்ப்பான். பழம், அடுப்புக்கரி, ஒரு துண்டு படிகாரம் மூன்றையும் கறுப்புத் துணியில் முடிந்து, இறக்கையைக் கழற்றி, அதன் அடியில் தெரிந்த பொந்து வழியாக உள்ளே வால் கோடிவரை தள்ளிச் செருகிவிட்டார்.

ஞாயிறு காலை திடலில் எல்லோரும் கூடிவிட்டார்கள். "அடேயப்பா, இவன்துக்கு அப்பன் மாதிரில இருக்கு!" என்றார் மாமனார். தம்புசாமிக்கு நெஞ்சு நிறைந்தது.

"அழகா இருக்குண்ணே. இருங்க, தூக்கி நிறை பாத்துடுறேன்" என்று புவனேந்திரன் இரண்டு விரலை நீட்டினான்.

"தொடாத!"

"சரிண்ணே. மொதல்ல நான் மேல ஏத்தித் தரேன், அப்புறம் நீங்க..."

"பதினெட்டு வருசமா லாரி ஓட்டுறேன். நீ தள்ளி நில்லு."

இஞ்சின் கத்தியது. மஞ்சள் விமானம் புல்லை விட்டு எழும்பியது. எழும்பிய மூக்கு இறங்கவே இல்லை. செங்குத்தாக நின்று, ஒரு நொடி யோசிப்பது போல் தொங்கி, ஒருபக்கம் சாய்ந்து லாலாங் புல்லுக்குள் போய் விழுந்தது.

புவனேந்திரன்தான் முதலில் ஓடினான். மூச்சு வாங்க தம்புசாமி போய்ச் சேர்ந்தபோது, ஒடிந்த வாலிலிருந்து கறுப்பு முடிச்சு அவன் உள்ளங்கையில் விழுந்திருந்தது. அவிழ்த்துப் பார்த்தான். எலுமிச்சம்பழம் நசுங்காமல் முழுசாக இருந்தது.

"என் கண்ணுக்காண்ணே?"

மாமனார் புல்லை விலக்கிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. புவனேந்திரன் முடிச்சைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"என்னடா ஆச்சு?"

"காத்து மாமா. திடீர்னு தூக்கிருச்சு. அண்ணன் பேர்ல தப்பில்ல."

பிறகு தன் நீல விமானத்தை அவனே மேலே ஏற்றி, ரிமோட் பெட்டியைத் தம்புசாமி கையில் வைத்தான். "மெதுவா இடது பக்கம் தள்ளுங்க. பயப்படாதீங்க." நீல விமானம் அவர் கை சொன்னபடி வட்டம் போட்டது. மாமனார் மடக்கு நாற்காலியை இழுத்து வந்து தம்புசாமி பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்தார்.

"பரவால்லயே மூத்த மாப்ள!"

எத்தனை வாரமாகக் காத்திருந்த வார்த்தை. காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. தம்புசாமியின் கண் மேலே விமானத்தில் இருந்தது. நினைப்பெல்லாம் புவனேந்திரனின் கால்சட்டைப் பையில். 'நானாக இருந்தால் அந்த முடிச்சை ஊருக்கே காட்டியிருப்பேன். இவனுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இந்தக் குணம்?' விமானத்தின் மேல் வந்த பொறாமைக்காவது தெங்கேராவில் கடை இருந்தது. இதற்கு எந்தக் கடைக்குப் போவது என்று அவருக்குத் தெரியவில்லை.